மேற்கோள் நூற்பட்டியலை முறையாக அமைப்பது எப்படி?

ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் "மு. வ., இலக்கிய வரலாறு, சென்னை" என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. புத்தகம் அவர் மேசையில் இருக்கிறது, அட்டையின் நிறம்கூட அவருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தப் பதிவை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறவரின் நிலை வேறு. இலக்கிய வரலாறு என்ற பெயரில் கா. சுப்பிரமணிய பிள்ளை எழுதிய நூல் ஒன்று உண்டு. மு. வரதராசன் எழுதிய நூலின் பெயர் தமிழ் இலக்கிய வரலாறு. அதை வெளியிட்டது சாகித்திய அகாதெமி. அதன் தலைமையிடம் புது தில்லி. முதற்பதிப்பு 1972இல் வந்தது, பின்னர் பலமுறை அச்சானது. ஆக, மூன்றே கூறுகளாலான அந்தப் பதிவில் பெயர் முழுமையாக இல்லை, தலைப்பு பிழையாக இருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, பதிப்பகமும் ஆண்டும் இல்லவே இல்லை. தேடிச் சென்றவர் வேறொரு நூலை எடுத்து, குறிப்பிட்ட பக்கத்தைப் புரட்டி, அங்கே அந்தச் செய்தி இல்லாததைக் கண்டு, ஆய்வாளர் பொய் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

மேற்கோள் நூற்பட்டியலின் வேலை இதிலிருந்தே விளங்கும். நீங்கள் எந்த நூலின் எந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினீர்களோ, அதே பதிப்பை, உங்களை ஒருபோதும் சந்திக்காத ஒருவர், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கண்டெடுக்க வேண்டும். முற்றுப்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, எது சாய்வெழுத்து என்று விதிநூல்கள் பக்கம் பக்கமாக வகுத்திருப்பதெல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்யும் சுமை பெரிதும் குறையும்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ் ஆய்வேடுகளில் துணைநூற்பட்டியல் என்றும், இலங்கையில் உசாத்துணை என்றும் சொல்லப்படும் பட்டியலில், ஆய்வாளர் படித்துப் பயன்பெற்ற நூல்கள் எல்லாம் இடம்பெறுவது வழக்கம். மேற்கோள் நூற்பட்டியல் அதனினும் கண்டிப்பானது. கட்டுரைக்குள் எங்கேனும் ஓரிடத்தில் பெயர் சுட்டி எடுத்தாளப்பட்டவை மட்டுமே அதில் வரலாம். எடுத்தாளப்பட்ட ஒன்றுகூட விடுபடக் கூடாது. நூற்பட்டியலை முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், அகராதிகள், இதழ்கள், இணையதளங்கள் என்று பிரித்துத் தருவது நம் பல்கலைக்கழகங்களின் பழக்கம். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ போன்ற மேற்கோள் நடைகளில் இப்படிப் பிரிப்பதில்லை. எல்லாம் ஒரே அகரவரிசையில் நிற்கும். உங்கள் துறையோ இதழோ எதைக் கேட்கிறது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முடித்த பிறகு மாற்றுவது பெரும் உழைப்பு.

நடைகள் பல என்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கட்டுரையின் நடுவே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தரும் முறையை 1881இலேயே ஹார்வர்டின் விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையைப் பற்றிய தம் கட்டுரையில் கையாண்டார். ஹார்வர்ட் முறை என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை, 1929இல் ஓர் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. இன்று அதன் ஏழாம் பதிப்பு நடப்பில் இருக்கிறது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்தது வான்கூவர் முறை. அதில் மேற்கோள்களுக்கு 1, 2, 3 என்று எண் இட்டு, கட்டுரையில் வரும் வரிசைப்படியே பட்டியலை அமைப்பார்கள், அகரவரிசை கிடையாது. பொறியியலில் மின், மின்னணுப் பொறியாளர் நிறுவனமான ஐஇஇஇயின் நடையும் எண்முறையே. மொழி, இலக்கியத் துறைகளில் நவீன மொழிகள் சங்கத்தின் நடையும், வரலாற்றில் சிகாகோ நடையும் மிகுதியாக வழங்குகின்றன. எதைத் தேர்ந்தாலும் ஒரே நடையை முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை பின்பற்ற வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளை ஏபிஏ ஏழாம் பதிப்பின் வழியில் தருகிறேன். அதைக் கற்றவர்க்கு மற்றவை எளிது.

நான்கு கேள்விகள்

எந்தப் பதிவும் நான்கு கேள்விகளுக்கு இந்த வரிசையில் விடை சொல்கிறது: யார் எழுதியது, எப்போது வெளிவந்தது, என்ன தலைப்பு, எங்கே கிடைக்கும். மேலே பார்த்த நூலை இந்த முறையில் எழுதினால் இப்படி அமையும்:

வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஒரு முற்றுப்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். ஒரு கேள்விக்கான விடை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்பதே அந்தப் புள்ளியின் பொருள். நூலின் தலைப்பு சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். ஊர்ப்பெயரை ஏபிஏ ஏழாம் பதிப்பு கைவிட்டுவிட்டது; பதிப்பகத்தின் பெயரே போதும் என்கிறது. ஆனால் தமிழ் ஆய்வேடுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் ஊரையும் கேட்பது உண்டு, கேட்டால் கொடுத்துவிடுங்கள். கட்டுரையின் நடுவே இந்த நூலைச் சுட்டும்போது (வரதராசன், 1972, ப. 45) என்று எழுதுவோம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரதராசன் என்ற சொல்லையும் 1972 என்ற எண்ணையும் பிடித்துக்கொண்டே வாசகர் பட்டியலுக்கு வருகிறார். ஆகவே இரண்டிடத்திலும் பெயரின் எழுத்துகூட மாறக் கூடாது. நடுவில் வரதராசனார் என்றும் பட்டியலில் மு. வ. என்றும் இருந்தால் வழி அங்கேயே அறுந்துபோகிறது.

இதழில் வந்த கட்டுரைக்கு உலகமறிந்த ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரை 1953இல் நேச்சர் இதழில் வந்தது. ஆங்கிலக் கட்டுரையின் பதிவு பட்டியலில் ஆங்கில எழுத்திலேயே நிற்க வேண்டும்; இங்கே அமைப்பைக் காட்டுவதற்காக ஒலிபெயர்த்துத் தருகிறேன்:

வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). மாலிக்யூலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளிக் ஆசிட்ஸ்: எ ஸ்ட்ரக்சர் ஃபார் டியாக்ஸிரைபோஸ் நியூக்ளிக் ஆசிட். நேச்சர், 171(4356), 737–738.

இங்கே சாய்வெழுத்து கட்டுரைத் தலைப்புக்கு இல்லை; இதழின் பெயருக்கும் 171 என்ற தொகுதி எண்ணுக்கும் மட்டுமே உண்டு. தொடக்கநிலை ஆய்வாளர்கள் மிகுதியாகப் பிழைபடும் இடம் இது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது: நூலகத்தின் அடுக்கில் தனியே எடுக்கக்கூடிய பொருள் எதுவோ அதன் பெயரே சாய்வெழுத்துக்கு உரியது. தனி நூலை அப்படியே எடுக்கலாம். கட்டுரையைத் தனியே எடுக்க முடியாது. அது கட்டப்பட்டிருக்கும் இதழ்த் தொகுதியைத்தான் எடுக்க முடியும். தொகுப்பு நூலில் உள்ள ஓர் இயலைக் காட்டும்போதும் இதே நியாயம்தான். இயலின் தலைப்பு நேரெழுத்தில், தொகுப்பின் தலைப்பு சாய்வெழுத்தில் வரும். அடைப்புக்குறிக்குள் உள்ள 4356 இதழின் எண், 737–738 பக்கங்கள்.

இந்தக் கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எனப்படும் நிலையான இணைய அடையாள எண்ணும் உண்டு. இவ்வெண்கள் எல்லாம் 10 என்ற இலக்கத்தில் தொடங்கும்; தொடர்ந்து பதிப்பகத்தைக் குறிக்கும் எண், சாய்கோடு, பின் கட்டுரைக்குரிய தனிக்குறி. இதழின் இணையதளம் முகவரி மாறினாலும் இந்த எண் வழியே கட்டுரையை அடையலாம் என்பதற்காகவே இது 2000ஆம் ஆண்டுவாக்கில் நடைமுறைக்கு வந்தது. எண் இருந்தால் அதை முழு இணைப்பாகப் பதிவின் இறுதியில் சேர்க்க வேண்டும். அதற்குப் பின் முற்றுப்புள்ளி இடக் கூடாது, ஏனெனில் அந்தப் புள்ளியும் முகவரியோடு ஒட்டிக்கொண்டு இணைப்பைக் கெடுத்துவிடும்.

ஆசிரியர்கள் பலராக இருந்தால், ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி 20 பேர் வரை எல்லாரையும் பட்டியலில் எழுத வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் 19 பேரை எழுதி, மூன்று புள்ளி இட்டு, கடைசி ஆசிரியரைச் சேர்க்க வேண்டும். கட்டுரையின் நடுவில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்றால் முதல்வர் பெயரோடு "மற்றும் பிறர்" என்று சேர்த்தால் போதும்.

தமிழ்ப் பெயர்கள்

மேலைநாட்டு விதிநூல்கள் குடும்பப் பெயரை முன்னே கொண்டுவரச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. உ. வே. சாமிநாதையரில் உ என்பது உத்தமதானபுரம் என்ற ஊர். வே என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். எனவே இயற்பெயரே தலைச்சொல், முன்னெழுத்துகள் அதன் பின்னே: சாமிநாதையர், உ. வே. இந்த விதியை ஒருமுறை பிடித்துக்கொண்டால் தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை ஒழுங்குக்கு வந்துவிடும். ச. வையாபுரிப்பிள்ளையைப் பிள்ளை என்ற பின்னொட்டின் கீழ் பிரித்துப் போடும் வெளிநாட்டுப் பட்டியல்களைக் கண்டிருக்கிறேன்; தமிழில் எழுதுகிற நாம் அந்தத் தவற்றைச் செய்யக் கூடாது. வையாபுரிப்பிள்ளை, ச. என்பதே சரி. ஐராவதம் மகாதேவன் போன்று முன்பகுதி முன்னெழுத்தாகச் சுருக்கப்படாமல் வழங்கும் பெயர்களை மகாதேவன், ஐராவதம் என்று விரித்தே எழுதிவிட்டால் தேடுபவருக்கு ஐயம் வராது.

புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே பட்டியலிட வேண்டும். சொ. விருத்தாசலம் என்று தேடினால் நூலக அட்டவணையில் சிறுகதைத் தொகுதிகள் எளிதில் அகப்படா. புதுமைப்பித்தன் என்றால்தான் அகப்படும். தலைப்புப் பக்கத்தில் அச்சாகியிருப்பது எதுவோ அதுவே நம் பெயர். டாக்டர், முனைவர், பேராசிரியர், மகாமகோபாத்தியாய முதலிய பட்டங்களையும், அவர்கள் என்ற மரியாதைச் சொல்லையும் விட்டுவிட வேண்டும். பெரியோரை அவமதிப்பதாக மாணவர்கள் இதற்குத் தயங்குவார்கள். பட்டம் முன்னே நின்றால் அகரவரிசையில் பாதி ஆசிரியர்கள் முனைவர் என்பதன் கீழ் குவிந்துவிடுவார்கள். அந்த நெரிசலில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினமாகும்.

ஆசிரியர் பெயர் தெரியாத நூல்களுக்கும், பலர் பாடிய பாடல்களின் தொகைக்கும், நூலின் பெயரே ஆசிரியர் இடத்துக்கு வந்துவிடும். புறநானூற்றின் 192ஆம் பாடலைக் கணியன் பூங்குன்றன் பாடினார் என்பதற்காகப் பட்டியலில் அவர் பெயரில் பதிவு போடுவதில்லை. புறநானூறு என்று தொடங்கி, நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் பதிப்பாசிரியரையும் ஆண்டையும் பதிப்பகத்தையும் தருவோம். கட்டுரையின் நடுவில் பக்க எண்ணை விடப் பாடல் எண்ணே பயன் மிகுந்தது, ஏனெனில் எந்தப் பதிப்பிலும் அந்தப் பாடல் அந்த எண்ணில்தான் இருக்கும். திருக்குறளுக்கும் அப்படியே: குறள் 391 என்றாலே கற்க கசடறக் கற்பவை என்று எவரும் அறிவர்.

உரைநூல்களில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் குறளின் சொல்லை ஆராய்கிறீர்களா, பரிமேலழகர் அந்தச் சொல்லுக்குத் தந்த விளக்கத்தை ஆராய்கிறீர்களா? முன்னது என்றால் திருவள்ளுவர் தலைச்சொல்லாகவும் உரையாசிரியர் அடைப்புக்குறிக்குள்ளும் வருவது பொருந்தும். பின்னது என்றால் பரிமேலழகரையே தலைச்சொல்லாக வைப்பதே நேர்மை என்பது என் கருத்து. விதிநூல்கள் இதைப் பற்றி நமக்காக எதுவும் சொல்லவில்லை. ஆய்வாளர் ஒரு முடிவெடுத்து, அந்த முடிவையே ஏடு முழுவதும் காக்க வேண்டும்.

ஆண்டும் பதிப்பும்

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்களோ அதன் ஆண்டே உங்கள் ஆண்டு. உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரம் ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது. நூலாக 1950இல் வெளிவந்தது. பின்னர் எத்தனையோ மறுபதிப்புகள். நீங்கள் படித்தது அண்மைய மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டையே எழுத வேண்டும். பழைய ஆண்டு ஆய்வேட்டுக்கு மதிப்புச் சேர்க்கும் என்று எண்ணி 1950 என்று எழுதினால், நீங்கள் தரும் பக்க எண்ணில் அந்தச் செய்தி இருக்காது. முதற்பதிப்பின் காலம் வாசகருக்குத் தெரிய வேண்டும் என்று கருதினால், பதிவின் இறுதியில் முதற்பதிப்பு 1950 என்று அடைப்புக்குறிக்குள் தருவதற்கு ஏபிஏ நடையிலேயே இடம் இருக்கிறது.

பதிப்பு என்பதும் அச்சு என்பதும் வேறு. ஆசிரியர் திருத்தியும் கூட்டியும் வெளியிட்டால் அது புதிய பதிப்பு. அதன் எண்ணை இரண்டாம் பதிப்பு என்று தலைப்பை அடுத்து அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். உள்ளதை உள்ளபடியே மீண்டும் அச்சிட்டால் அது மறு அச்சு. நம் பதிப்பகங்கள் இவ்விரண்டையும் கலந்து எழுதுவதுண்டு. அப்போது நூலின் உரிமைப் பக்கத்தில், அதாவது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில், இருப்பதை அப்படியே எடுத்தெழுதுங்கள். அட்டையிலிருந்து ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

பழந்தமிழ்ப் பதிப்புகளை ஆராய்வோர்க்கு ஆண்டே ஒரு தனிப் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூல்கள் பலவற்றில் ஜய, நந்தன போன்ற அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர்கள் காணப்படும். ஜய என்ற பெயர் 1894–95, 1954–55, 2014–15 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்துருவின் அமைப்பு, முன்னுரையில் குறிப்பிடப்படுவோரின் காலம் ஆகியவற்றைக் கொண்டே எது என்று தீர்மானிக்க வேண்டும். மேலும், தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஜய வருடம் மாசி மாதம் என்றிருந்தால் அது 1895 ஆகும், 1894 அன்று. இந்த ஓராண்டுப் பிழை, யார் முதலில் பதிப்பித்தார் என்ற விவாதத்தில் முடிவையே புரட்டிவிடக்கூடும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் ஆண்டு 2003 என்பது 1972. ஆண்டே இல்லாத நூலுக்கு, அடைப்புக்குறிக்குள் ஆண்டு இல்லை என்று எழுதலாம். ஊகத்தை உண்மைபோல் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே ஆசிரியரின் பல நூல்களைப் பழையது முதலாக வரிசைப்படுத்த வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு இருந்தால் 1972அ, 1972ஆ என்று எழுத்துச் சேர்த்து, அதே எழுத்தைக் கட்டுரையின் நடுவிலும் தர வேண்டும்.

பதிப்பகத்தின் பெயரையும் சுருக்கிவிடாதீர்கள். கழக வெளியீடு என்றால் தமிழ்த் துறையினருக்குத் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் என்று புரியும். இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு துறையிலிருந்து வரும் வாசகருக்குப் புரியும் என்று சொல்ல முடியாது.

அகரவரிசையும் கணினியும்

பட்டியலைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்து என்று கணினிக்குக் கட்டளையிட்டால் சரியாக வந்துவிடும் என்று நம்புகிறோம். தமிழுக்கு இது எப்போதும் உண்மை அன்று. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு இட்டிருக்கும் எண்வரிசை, நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. ஒருங்குறியில் ந என்பதை அடுத்தே ன வந்துவிடுகிறது. ர என்பதை அடுத்து ற வந்துவிடுகிறது. வெறும் எண்வரிசையைக் கொண்டு அடுக்கும் மென்பொருளில் குன்றக்குடி அடிகளார் முன்னும் குழந்தைசாமி, வா. செ. பின்னும் நிற்பார்கள். ழகரம் னகரத்துக்கு முற்பட்டது என்பதால் நம் மரபில் குழந்தைசாமியே முன்னால் வர வேண்டும். புள்ளி பெற்ற மெய்யிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்ப் பேரகராதி போன்ற அகராதிகளில் ப் என்பது ப என்பதற்கு முன் வரும். எனவே அப்பாதுரை, கா. முதலிலும் அபிதான சிந்தாமணி அடுத்தும் நிற்கும். எண்வரிசையிலோ இது தலைகீழாகும். தமிழுக்குரிய வரிசை விதியை உள்ளே கொண்ட மென்பொருள்களும் இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று மேற்சொன்ன இரண்டு இணைகளையும் தட்டச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிழை வந்தால் கையால் மாற்றுங்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து எழுதும் ஏட்டில், தமிழ்ப் பதிவுகளை முதலில் ஒரு வரிசையாகவும் ஆங்கிலப் பதிவுகளை அடுத்து ஒரு வரிசையாகவும் தருவதே தெளிவு.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி இடப்பக்க ஓரத்தில் தொடங்கும். அடுத்தடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும். கண் மேலிருந்து கீழே ஓடும்போது ஆசிரியர் பெயர்கள் மட்டும் துருத்திக்கொண்டு தெரிவதற்காக இந்த ஏற்பாடு. இதை இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டிச் செய்தால் எழுத்துரு மாறியதும் எல்லாம் சிதறும். வேர்டில் பதிவுகளைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் விசையுடன் டி (T) விசையை அழுத்தினால் போதும். ஏபிஏ நடையில் வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி வேண்டும். பதிவுகளுக்கு வரிசை எண் இடக் கூடாது. தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்து அரிது. கணினி நேரெழுத்தையே சரித்துக் காட்டுகிறது, அது சில எழுத்துருக்களில் படிக்கவே கடினமாகிறது. துறை இசைந்தால் தலைப்புகளைத் தடித்த எழுத்தில் தருவதில் தவறில்லை.

இணையத்திலிருந்து எடுத்தவை

மின்னூல்களில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதே முதல் கேள்வி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இலங்கையின் நூலகம் தளத்திலோ உள்ளது அச்சு நூலின் பக்கப் படிமம். அதன் பக்க எண் அச்சு நூலின் பக்க எண்ணே. ஆகவே அச்சு நூலுக்குரிய முழுப் பதிவையும் எழுதி, இறுதியில் இணைய முகவரியைச் சேர்க்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி தட்டச்சிட்ட மின்னுரை. அதற்குப் பக்க எண் பெரும்பாலும் கிடையாது. அங்கே பாடல் எண்ணையோ இயலின் பெயரையோ தர வேண்டும். மின்னுரையைப் பார்த்துவிட்டு அச்சு நூலைப் பார்த்ததுபோல் எழுதுவது கூடாது. தட்டச்சில் விழுந்த ஒரு பிழை உங்கள் வாதத்தின் அடிப்படையாகிவிட்டால், அதன் ஊற்றைக் கண்டறியும் வழியையே வாசகருக்கு அடைத்துவிட்டீர்கள் என்றாகும்.

இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவும் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் கிடைக்கின்றன. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு ஆகியவற்றுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடு என்றும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அடைப்புக்குறிக்குள் வரும்; பின்னர் தளத்தின் பெயரும் அந்த ஏட்டுக்குரிய நிலையான இணைப்பும் வரும். அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு மட்டும் பார்த்த நாளைக் குறிக்க வேண்டும். விக்கிப்பீடியாக் கட்டுரை என்றால், வரலாறு என்ற பகுதிக்குச் சென்று நீங்கள் படித்த குறிப்பிட்ட பதிப்பின் இணைப்பை எடுத்துத் தருவது நல்லது. நாளை அந்தப் பக்கத்தை எவரும் மாற்றலாம்.

சோட்டேரோ போன்ற இலவச மென்பொருள்கள் பதிவுகளைச் சேமித்து, கேட்ட நடையில் பட்டியலை ஆக்கித் தருகின்றன. பெரிய ஏட்டுக்கு இவற்றைப் பயன்படுத்தும்படியே பரிந்துரைப்பேன். ஆனால் தமிழ்ப் பெயரை எந்தக் கட்டத்தில் இடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்: இயற்பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முன்னெழுத்துகளை முதற்பெயர்க் கட்டத்திலும் இட்டால்தான் சாமிநாதையர், உ. வே. என்று வரும். இணையத்திலிருந்து தானாக இறக்கிய விவரங்களில் இவ்விரண்டும் இடம் மாறியிருப்பது மிகச் சாதாரணம்.

பார்க்காத ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பதே எல்லாவற்றிலும் பெரிய குற்றம். ஒரு பெரிய அறிவியல் பதிப்பகம், பதிவின் வடிவத்தைக் காட்டுவதற்காகத் தன் வழிகாட்டியில் வான் டெர் கீர் முதலியோர் 2000இல் எழுதியதாக, அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற பொருளில் கற்பனைப் பதிவு ஒன்றை அச்சிட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அந்த இதழும் இல்லை. ஆனால் ஏறத்தாழ 400 வெளியீடுகளில் அது மெய்யான மேற்கோளாக இடம்பெற்றிருப்பதை ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2017இல் எடுத்துக்காட்டினார். மாதிரியை நகலெடுத்தவர்கள் அதை நீக்க மறந்திருக்கலாம். எவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதி. இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மேற்கோள் கேட்டால், ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் கச்சிதமாக அமைந்த, ஆனால் உலகில் இல்லாத கட்டுரைகளை அவை தரக்கூடும். 2023இல் நியூயார்க்கில் இவ்வாறு பெற்ற இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வேறொருவர் நூலில் மேற்கோளாகக் கண்ட பழைய நூலை நேரில் பார்க்க முடியவில்லையா? நீங்கள் கண்ட நூலைப் பட்டியலில் போட்டு, கட்டுரையின் நடுவில் "இன்னார் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதுங்கள். அதில் தாழ்வு ஏதும் இல்லை.

முடித்த பட்டியலைச் சரிபார்க்க ஒருநாளை ஒதுக்கி வையுங்கள். ஏட்டை அச்சிட்டு, முதல் பக்கத்திலிருந்து அடைப்புக்குறி வரும் இடமெல்லாம் நிறுத்தி, பட்டியலில் உரிய பதிவின் எதிரே ஒரு கோடு இடுங்கள். ஏடு முடிந்ததும் கோடு விழாத பதிவுகள் மேற்கோள் காட்டப்படாதவை, அவற்றை நீக்குங்கள். பதிவு கிடைக்காத அடைப்புக்குறிகளுக்கு அங்கங்கே வட்டமிட்டிருப்பீர்கள். அவற்றை நூலைப் பார்த்துச் சேருங்கள். பிறகு துறைக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, ஏதேனும் ஐந்து பதிவுகளைத் தொட்டுக் காட்டச் சொல்லி, நூலகத்துக்குச் சென்றோ இணையத்திலோ அவற்றை உங்கள் உதவியின்றி எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் எந்தப் பதிவில் தடுமாறுகிறாரோ அதை அவர் முன்னிலையிலேயே, நூலின் உரிமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திருத்தி எழுதுங்கள்.